ஆறு ஊர்முட்டைக்குப் பத்து ஃபாம் முட்டை

வளவும் வாழ்வும்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் கோழிக்கூட்டுக்குக் கீரி வருவதைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதம் எல்லாம் கோழியும் முட்டையும்தான். வாழைக்குலை வாடுவதைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்து பெறாமகள் வந்து நிற்கிறாள். குசினியில் முட்டைத் தட்டைக் கண்டவுடனே, "சித்தி, இது கூட்டில் அடைத்த கோழியின்ர முட்டை, வாங்கிறது பாவம். நாங்கள் அங்க ஃப்ரீ ரேஞ்ச் மட்டும்தான் வாங்குவம்" என்றாள். அன்றிலிருந்து முட்டை பொரிக்கவே மனம் வரவில்லை. கடையில் ஃபாம் முட்டை 35 ரூபா. எங்கள் ஒழுங்கை முடக்கில் ஊர்முட்டை விற்கிற அக்கா 60 ரூபா கேட்கிறா. இவருடைய ஓய்வூதியத்தில் நாங்கள் இரண்டு பேரும், ஏ.எல். படிக்கிற பேரனும் சாப்பிடுகிறோம். நான் செய்வது பிழையா ஐயா?
(வாசகி, கோண்டாவில்)

பதில்: தங்கச்சி, பெறாமகள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் 31 வருடம் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வேலை செய்தவன். ஐஸ் போட்ட போத்தலில் தடுப்பு மருந்தை வைத்துக்கொண்டு சைக்கிளில் வளவு வளவாகத் திரிந்தவன். கூட்டுக் கோழியை முதல்முதலாகக் கிட்டத்தில் பார்த்தது ஒரு பயிற்சிக்காகத் தெற்குப் பக்கம் போனபோது. மூன்று தட்டுக் கம்பிக்கூடு, ஒரு கூட்டுக்குள் நான்கு கோழி. கூட்டின் அடி சரிவு. இட்ட முட்டை தானாக உருண்டு முன்னால் வந்து நிற்கும். கெட்டித்தனமான வேலைதான் என்று குனிந்து பார்த்தேன். ஒரு கோழியின் கால் நகம் வளர்ந்து கம்பியைச் சுற்றி வளைந்திருந்தது. கிளறுவதற்கு மண் இல்லாத கோழிக்கு நகம் எப்படித் தேயும்? அங்கிருந்தவர் ஒரு சின்னக் குறட்டை எடுத்து நகத்தை வெட்டிக் காலை விடுவித்தார். அவருக்கு அது தினசரி வேலை. எனக்கு அன்று மத்தியானம் தந்த முட்டைக் குழம்பு இறங்கவில்லை. அடுத்த நாள் இறங்கிவிட்டது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அந்த மாதிரி வெறும் கம்பிக்கூட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் தடை செய்தது. எங்கள் சனம் நிறைய இருக்கிற சுவிஸ் 1992இலேயே நிறுத்திவிட்டது. தடைக்கு முன் ஐரோப்பாவில் ஒரு கோழிக்குச் சட்டம் கொடுத்த இடம் 550 சதுர சென்ரிமீற்றர். பேரனின் ஏ4 தாள் ஒன்றை எடுத்து நிலத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் குறைவு. கோழி செட்டையை விரிக்க முடியாது, மண் குடைந்து குளிக்க முடியாது, மறைவாகப் போய் இருந்து முட்டையிட முடியாது. முட்டை இடப் போகிற கோழி மூலை தேடி அந்தரப்படுகிறதை நீங்களே கண்டிருப்பீர்கள். அரிசிப் பானைக்குப் பின்னால், விறகுக் குவியலுக்குள், ஒருக்கால் என் மனிசியின் சீலைப் பெட்டிக்குள். இந்த அந்தரம் கூட்டுக் கோழிக்கும் உண்டு, போகத்தான் இடம் இல்லை. ஆகவே பிள்ளை கோபப்பட்டது நியாயம்.

இனி மற்றப் பாதி. லண்டனில் முட்டைக் கோதில் ஒரு இலக்கம் அடித்திருக்கும். 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 வெளியில் திரிகிறது (அவள் சொன்ன ஃப்ரீ ரேஞ்ச்), 2 கொட்டிலுக்குள் திரிகிறது, 3 கூடு, தடைக்குப் பிறகும் விட்டுவைத்த கொஞ்சம் பெரிய கூடு. பெறாமகள் 1ஐப் பார்த்து வாங்குவாள். அந்த 1க்குச் சட்டம் கேட்பது ஒரு கோழிக்கு வெளியில் 4 சதுர மீற்றர் நிலம். எங்கள் கணக்கில் ஒரு பரப்புக் காணிக்கு, அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்குக்கு, 63 கோழி. மோசம் இல்லை. ஆனால் அவள் மனதில் ஓடுகிற படம் பத்துக் கோழி புல்லில் மேய்கிற படம். உண்மையில் ஒரே கொட்டிலில் ஆயிரக்கணக்கில் நிற்கும், சுவரில் சின்னக் கதவுகள் இருக்கும். கதவுக்குக் கிட்ட நிற்கிறவை வெளியே போகும், நடுவில் நிற்கிறவை போனாலும் போகும், போகாமலும் விடும். 2021 கடைசியில் பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளை மாதக்கணக்கில் உள்ளே அடைத்தபோது, பிரித்தானியாவில் 2022 மார்ச் மாதம் முதல் "வெளியில் திரிந்த கோழி" என்று சொல்லி முட்டை விற்கவே முடியாமல் போனது. அன்றைக்கு இருந்தது நல்ல சட்டம்தான். எழுதியதும் நடக்கிறதும் ஒத்துவரவில்லை என்றால் எழுத்தை மாற்று என்று சொன்ன சட்டம். எங்கள் நாட்டில் விலங்கு வதைக்கு இருக்கிற சட்டம் 1907இல் வெள்ளைக்காரன் எழுதியது. அதில் கோழிக்கூட்டின் அளவைத் தேட வேண்டாம்.

இன்னொன்று. கூட்டில் நின்றாலும் வெளியில் நின்றாலும் ஃபாம் கோழி ஃபாம் கோழிதான். வருடம் 300 முட்டை இடுகிற சாதி. ஒரு முட்டைக் கோதுக்கு இரண்டு கிராம் அளவில் கல்சியம் போகும். 300 முட்டைக்கு 600 கிராம். கோழியின் முழு எடையே இரண்டு கிலோ அளவுதான்! தீனியில் சிப்பி, சுண்ணாம்பு என்று என்ன போட்டாலும் ஒரு பங்கு எலும்பிலிருந்துதான் கழன்று போகும். நெஞ்செலும்பு வெடித்த கோழியை நான் கையில் தூக்கியிருக்கிறேன். தூக்கும்போது அது சத்தம் போடாது, கண்ணை மட்டும் மூடும். திறந்த கதவு அந்த எலும்பை ஒட்ட வைக்காது.

திறந்த கதவைப் பற்றி எனக்கு ஒரு கதை உண்டு. 1995 ஒக்டோபர் 30, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. மழை. நாங்கள் ஒரு சூட்கேசும், அம்மாவை இருத்திய சைக்கிளுமாகப் புறப்பட்டோம். படலையைத் தாண்டிய பிறகு மனிசி திரும்பி ஓடிப்போய்க் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்தா. எட்டு ஊர்க்கோழி, ஒரு சேவல். பக்கத்து வளவுக்காரர் கொட்டிலில் வெள்ளைக் கோழி நூறு வரைக்கும் வைத்திருந்தார், அவரும் கதவை விரியத் திறந்து கல் வைத்துவிட்டுத்தான் வந்தார். அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தோம். அவருடைய கொட்டிலில் தீனித் தொட்டியைச் சுற்றி இறகும் எலும்பும். கதவு திறந்தபடி, கல் வைத்தபடி. பெரும்பாலானவை வெளியே வரவே இல்லை. தீனி அந்தத் தொட்டியில்தான் வரும் என்று பிறந்ததிலிருந்து பழகியவை, அங்கேயே காத்து நின்றிருக்கின்றன. எங்களுடைய எட்டில் ஒன்று மட்டும் பின்வளவுப் பனை வடலிக்குள் இருந்து வந்தது. பின்னால் ஐந்து குஞ்சு. மனிசி அந்த வடலியடியில் இருந்து அழுதா. ஆறு மாதத்தில் அவ அழுததை நான் கண்டது அன்றுதான்.

ஆகவே "திரிகிற கோழி" என்று ஒரு சொல்லைக் கேட்டவுடனே எனக்கு மனம் குளிராது. யார் பார்க்கிறார்கள், இரவில் எங்கே படுக்கிறது, ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்களா என்றுதான் கேட்பேன். கடைசிக் கேள்வி முக்கியம். எங்கள் ஊர்க்கோழிக்காரரில் கனபேர் மருந்து கொடுப்பதில்லை. "இது ஊர்க்கோழி, தாங்கும்" என்பார்கள். தாங்காது. கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து, ஒரு கிழமைக்குள் கூடு காலியாகும். சுதந்திரமாகத் திரிந்த கோழிதான், ஆனால் அந்தச் சாவு கூட்டுக் கோழிக்குக்கூட வரக்கூடாத சாவு.

இனி உங்கள் ஒழுங்கை முடக்கு அக்காவிடம் வருவோம். எங்கள் ஒழுங்கையிலும் ஒரு அக்கா இருக்கிறா. பத்துக் கோழி. ஊர்க்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும், பிறகு அடைக்கு இருக்கும், குஞ்சோடு திரியும், திரும்ப இடும். வருடம் முடிய ஒரு கோழிக்கு 50 கிடைத்தால் பெரிய காரியம். 60 ரூபாப்படி பத்துக் கோழிக்கு வருடம் 30,000. மாதம் 2,500. கீரியும் பிராந்தும் கொண்டுபோவது, தவிடு குறுணல் வாங்குவது எல்லாம் இதற்குள்ளே. 60 ரூபா கொள்ளை விலை என்று சந்தையில் முறைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஒருநாள் அவவிடம் கேட்டேன், "உங்கட பிள்ளையளும் இந்த முட்டைதானே சாப்பிடுது?" அவ சிரித்தா. "ஆருக்கு ஐயா கட்டும்? ஆறு ஊர்முட்டையை வித்தா 360. அதில பத்து ஃபாம் முட்டை வாங்கி, பத்து ரூபா மிச்சம். மூண்டு பிள்ளைக்கும் பத்து முட்டை நல்லமோ, ஆறு முட்டை நல்லமோ?"

நான் பதில் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவவுடைய ஊர்முட்டை 40 கிராம், ஃபாம் முட்டை 55க்கு மேல். புரதக் கணக்கிலும் அவதான் சரி. எங்களைப் போன்றவர்கள் மனச்சாட்சிக்கு வாங்குகிற முட்டையை விற்று, அந்தத் தாய் கூட்டுக் கோழி முட்டையைத் தன் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கிறா. அவவைப் பாவம் செய்தவ என்று சொல்ல எனக்கு வாய் வராது, தங்கச்சி. அப்படியென்றால் உங்களையும் சொல்ல முடியாது.

சரி, என்னதான் செய்வது? பேரனுக்கு ஃபாம் முட்டையை அவித்துக் கொடுங்கள், படிக்கிற பிள்ளை. கிழமைக்கு ஆறு முட்டை அந்த அக்காவிடம் வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். வாங்கப் போகும்போது கூட்டை எட்டிப் பாருங்கள். தடுப்பு மருந்து கொடுக்கவில்லை என்றால் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பெறாமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். லண்டனில் அவளுக்கு ஒரு இலக்கம்தான் கிடைக்கும். இங்கே கோழியையே பார்க்கலாம், அதைக் கைவிட்டுவிட்டு நாங்கள் ஏன் பெட்டியில் எழுதியதை வாசிக்க வேண்டும்? செம்மண்ணில் குளித்து எழும்பிய வெள்ளைக் கோழி பழுப்புக் கோழியாக நடந்து வருவதை அவள் கண்டிருக்கவே மாட்டாள்.

கேள்வி: மகள் பெரியபிள்ளையானபோது நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுக்க என்று ஊர்முட்டை 30 வாங்கினேன். ஒன்று 80 ரூபா. ஈரக் கையால் தொட்டவுடனே விரலில் மண்ணிறம் ஒட்டியது. கழுவிப் பார்த்தால் எல்லாம் பால் வெள்ளை. திரும்பப் போனால் விற்றவரைக் காணோம். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஏமாந்த தாய், சாவகச்சேரி)

பதில்: தேயிலைச் சாயம். சின்ன வெள்ளை முட்டையைப் பொறுக்கி எடுத்துச் சாயத்தில் ஊறவிட்டு உமிக்குள் வைத்தால் யாருக்கும் ஊர்முட்டை மாதிரித்தான் இருக்கும். நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானே ஒருமுறை ஏமாந்து மனிசியிடம் இன்றைக்கும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அடையாளம் நிறத்தில் இல்லை. கோதின் நிறம் கோழியின் சாதியைப் பொறுத்தது, சத்தையோ மேய்ச்சலையோ அல்ல. மண்ணிற ஃபாம் முட்டை கடை முழுக்கக் கிடக்கிறது. உண்மையான ஊர்முட்டைக் கடகத்தில் ஒன்று போல ஒன்று இருக்காது. ஒன்று பால் நிறம், ஒன்று சந்தன நிறம், ஒன்று நீளம், ஒன்று உருண்டை. பத்துக் கோழி பத்து விதமாகத்தான் இடும். முப்பதும் ஒரே நிறத்தில் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். மஞ்சள் கரு கடுமஞ்சளாக இருப்பதும் சாட்சி அல்ல. சோளமும் முருங்கை இலையும் தின்ற கோழி எங்கே நின்றாலும் கரு மஞ்சளாகத்தான் வரும்.

உங்கள் பணத்தைவிட எனக்குக் கோபம் வேறு. அந்த ஆள் உங்களை ஏமாற்றியது 2,400 ரூபாவுக்கு. கூடவே, நேர்மையாக விற்கிற பத்துப் பெண்களின் முட்டையையும் நீங்கள் இனிச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குவீர்கள்.

பச்சை முட்டை பற்றி ஒரு சொல். வயிற்றைக் குழப்புகிற சல்மொனெல்லாக் கிருமி ஊர்க்கோழியிலும் இருக்கலாம், அது கோழியின் ஊர் பேர் பார்ப்பதில்லை. மகளுக்கு அவித்த முட்டையையும் உழுத்தங்களியையும் கொடுங்கள். மாமியார் கோபித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபாமில் சேவல் இல்லை, முட்டையில் உயிர் இல்லை, ஆகவே அது சைவம் என்று மகன் வாதாடுகிறான். வெள்ளிக்கிழமை சாப்பிடலாமா?
(வாசகர், நல்லூர்)

பதில்: சேவல் இல்லாத இடத்து முட்டை குஞ்சு பொரிக்காது, அதுவரை மகன் சொல்வது சரி. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் அந்தச் சட்டியை யார் கழுவுவது, மாமி அதைத் தொடுவாவா என்பதை மகனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டு பரப்பு வளவு இருக்கிறது. உங்கள் பத்தியை வாசித்துப் பத்து ஊர்க்கோழி வளர்க்க ஆசை. ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. பொரிக்கிற குஞ்சில் பாதி சேவலாக வருமே, அவற்றை என்ன செய்வது? முட்டை நின்ற கோழியை என்ன செய்வது?
(வாசகர், கோப்பாய்)

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. முட்டையைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

ஃபாமுக்குக் குஞ்சு கொடுக்கிற பொரிப்பகத்தில் முட்டைச் சாதியின் சேவல் குஞ்சுக்கு வேலை இல்லை. முட்டையும் இடாது, இறைச்சிக்கும் கெதியாக வளராது. பொரித்த அன்றே கொன்றுவிடுவார்கள். உலகத்தில் கனக்க இடங்களில் இதுதான் வழக்கம். வெளியில் திரிகிற கோழியாக வளரப்போகிற பெட்டைக் குஞ்சும் அதே இடத்தில் இருந்துதான் வருகிறது. ஜெர்மனி 2022 தொடக்கத்தில் இருந்து அதைத் தடை செய்து, முட்டைக்குள்ளேயே சேவலா பெட்டையா என்று பார்க்கிற முறைக்குப் போயிருக்கிறது. பெறாமகளைப் பற்றி எழுதிய கோண்டாவில் தங்கச்சி இதை வாசித்தால் அவளுக்கும் சொல்லட்டும்.

ஊர்க்கோழியில் சேவல் குஞ்சுக்கு ஆறேழு மாதம் உண்டு. கிளறும், சண்டை பிடிக்கும், மாமரத்தில் ஏறிப் படுக்கும், அதிகாலையில் உங்கள் நித்திரையைக் கெடுக்கும். பிறகு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்போம் அல்லது கறி வைப்போம். வேறு மாதிரிப் பூசி எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஐந்து சேவலை ஒரே வளவில் விட்டால் பேடுகளின் முதுகில் இறகு மிஞ்சாது. அறுக்க மனம் ஒப்பாது என்றால் குஞ்சு பொரிக்க வைக்காதீர்கள், வளர்ந்த பேடாக வாங்குங்கள். அப்போதும் அதோடு பிறந்த சேவல் வேறொருவர் சட்டிக்குப் போயிருக்கும், அது தெரிந்திருக்கட்டும்.

இரண்டு பரப்புக்குப் பத்து போதும், அதற்கு மேல் வேண்டாம். கூட்டை நிலத்தில் இருந்து முழங்கால் உயரத்துக்கு மேலே வையுங்கள், கீரிக்குச் சின்ன இடைவெளியே போதும். மாலையில் எண்ணி அடையுங்கள். குஞ்சுகளுக்குக் கறையான் வேண்டும் என்றால், பழைய பானைக்குள் காய்ந்த சாணியும் தும்பும் நனைத்துப் போட்டுக் கவிழ்த்து வையுங்கள், ஓரிரு நாளில் ஏறியிருக்கும். தடுப்பு மருந்தை மறக்க வேண்டாம், இதோடு மூன்றாம் தரம் சொல்கிறேன்.

முட்டை நின்ற கோழி என்றீர்கள். எங்களிடம் ஒன்று நிற்கிறது, கழுத்தில் மயிர் இல்லாத கிழவி, ஏழு வயது முடிந்துவிட்டது. முட்டையிட்டு ஒன்றரை வருடம். இரண்டு தரம் நான் கத்தியை எடுத்தேன், இரண்டு தரமும் மனிசி அது அடைக்கு இருக்கிறது என்றா. போய்ப் பார்த்தால் உண்மைதான், மற்றக் கோழியின் முட்டையில் ஏறி இருந்தது. போன கிழமை பதினொன்று பொரித்திருக்கிறது. பத்து நிற்கிறது, ஒன்றைப் பிராந்து கொண்டுபோய்விட்டது.